கடுகுச் சத்தமும் மூன்று ஹெட்போன்களும்

தங்கமணி, குமரேசா,

போன வாரம் நீங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, காதில் மாட்டுகிற சாமான் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் ஒருத்தர் பெட்டியைப் பிரித்தார், எடுத்தார், மாட்டினார், தலையை ஆட்டினார், "செம்ம" என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. குமரேசன் என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்களும் இந்த வேலைதானே பாத்தீங்க? நீங்க எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கம்மா அடுப்படியிலிருந்து, "உங்கொப்பன் மூக்குல பாப்பாரு!" என்று சத்தம் கொடுத்தாள். நீங்கள் சிரித்தீர்கள். அது என்ன கதை என்று துளைத்தீர்கள். ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். வெளியே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் தங்கமணி திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம். உங்கம்மா வேறு மாதிரி சொல்லுவாள், அதையும் நம்ப வேண்டாம்.

மல்லசமுத்திரத்தில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில் சேலத்திலிருந்து பதினாறு பக்கத்தில் ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள், ரேடியோ மெக்கானிக்குகள், பாட்டுப் போடுகிற டீக்கடைக்காரர்கள், இவர்களுக்கென்றே ஒரு பத்திரிகை. எந்த ஆம்ப்ளிபயர் வாங்கலாம், எந்தக் குழாய் ஸ்பீக்கர் மழையில் நனைந்தால் தாங்கும் என்று அதில் எழுதுவார்கள். ஒரு மாதம் ஒரு ஆம்ப்ளிபயரை ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆம்ப்ளிபயர் அப்போது என் கடையில் மூன்று கிடந்தது, மூன்றும் ரிப்பேருக்கு வந்தவை. கோபத்தில் ஒரு கார்டு போட்டேன்: "உங்கள் ஆள் அதைக் காதால் கேட்டாரா, அட்டைப் பெட்டியைப் படித்தாரா?" பத்து நாளில் பதில் கார்டு வந்தது. இரண்டே சொல். "நேரில் வரவும்."

அடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அச்சகத்தின் சொந்தக்காரர், பத்திரிகையின் ஆசிரியர் எல்லாம் கமலவேணியம்மா என்ற ஒரே ஆள். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு இடது காது பிறவியிலிருந்தே கேட்காது. சத்தத்தைப் பற்றிய பத்திரிகைக்கு ஒரு காது மட்டும் கேட்கிற ஆசிரியர். அந்தக் கேட்காத காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சிலைச் செருகியிருப்பார். ஏன் என்று கேட்டால், "சும்மா கெடக்கற காதுக்கும் ஒரு சோலி வேணுமல்ல சாமி" என்பார். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவருக்குச் சாமிதான். பேச்சு பிடித்திருந்தால் வலது பக்கத்தைக் காட்டி உட்காருவார். பிடிக்காவிட்டால் பேசிக்கொண்டிருக்கும்போதே மெதுவாக நாற்காலியைத் திருப்பி இடது காதை நமக்குக் கொடுத்துவிடுவார். நாம் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் கார்டை மேசை மேல் வைத்தார். "இதை எழுதுனது நீயா?"

"ஆமாங்கம்மா."

"அந்த ஆள் பெட்டியைத்தான் படிச்சிருக்கான். விசாரிச்சுப் போட்டேன். கடைக்காரன் ஊட்டுல விருந்தே தின்னுருக்கான். நீ வாரியா?"

அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன், குடியும் சேலத்துக்கே வந்தது. முதல் ஒரு வருடம் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கடைக்காரர் கொடுக்கிற காப்பியைக் குடிக்காமல் கடையை விட்டு வெளியே வருவது எப்படி? அவ்வளவுதான். அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர்க்காரர்கள் காப்பி குடிக்காதவனை விரோதி என்று நினைப்பார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சொல்லி, சேலம் கடைவீதி முழுக்க எனக்குத் தீராத வயிற்று நோய் என்று பேர் ஆகிப்போச்சு. ஒரு கடைக்காரர் நாட்டு வைத்தியர் விலாசமே எழுதிக் கொடுத்தார்.

பத்திரிகையில் ஆடியோ சாமான் விளம்பரம் ஒன்றுகூட வாங்க மாட்டோம். விதை, மாட்டுத் தீவனம், லாரி சீட்டுக்கான ரெக்சின், இவற்றுக்குத்தான் விளம்பரம். சோதிக்கிற சாமானைக் கம்பெனியிடம் வாங்க மாட்டோம், வாசகர் யாராவது வாங்கி வைத்திருந்தால் இரவல் கேட்போம். அச்சகத்துக்குப் பின்னால் ஒரு அறை. சுவர் நாலு பக்கமும் ஜவ்வரிசி மூட்டைச் சாக்கைத் தொங்கவிட்டிருப்போம், எதிரொலி வராமல் இருக்க. அந்த அறைக்குள் போய்விட்டு வந்தால் தலையெல்லாம் மாவு.

சோதிக்கிற கேசட்டை நானே பதிந்தேன். முதலில் தவில், குச்சியால் அடிக்கிற இடந்தலை மட்டும். அடுத்து இரண்டு பெண்கள் கிணற்று மேட்டில் பேசிக்கொள்வது. அதற்கடுத்து உங்கம்மா கடுகு தாளிப்பது. அப்புறம் அரை நிமிடம் ஒன்றுமே கிடையாது. சிரிக்காதீர்கள். கனமான சத்தம் சரியா என்பதற்குத் தவில். மனிதக் குரல் மனிதக் குரலாக இருக்கிறதா என்பதற்குக் கிணற்று மேடு. மெல்லிய, கூரான சத்தத்துக்குக் கடுகை மிஞ்ச ஒன்றும் இல்லை. மட்டமான ஸ்பீக்கரில் கடுகு மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சலாகக் கேட்கும். நல்ல ஸ்பீக்கரில் ஒவ்வொரு கடுகும் தனித்தனியாக வெடிக்கும், எது சட்டிக்குள் விழுந்தது, எது அடுப்பில் விழுந்தது என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் வருகிற அரை நிமிட வெறுமை, சாமான் தானாக எவ்வளவு இரைகிறது என்று பார்க்க. அந்தக் கடுகுச் சத்தத்துக்காக முப்பது நாற்பது முறை உங்கம்மாவைத் தாளிக்கச் சொல்லிப் பதிந்திருக்கிறேன். "ஊரெல்லாம் என்ற கடுகைத்தான் கேக்குது" என்று அவளுக்கு ஒரே பெருமை.

இன்னொன்று. இரண்டு சாமானை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லதாகத் தோன்றும். காது அப்படி ஏமாறும். அதனால் ஒவ்வொன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பேசினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவு வரும்படி வைத்து, சத்தத் திருகில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவேன். சாப்பாட்டுக்கு முன்னால் கேட்கக் கூடாது. "பசியோட கேட்டா எல்லாமே கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். தின்னுபோட்டு ஒடனே கேட்டா எல்லாமே இனிக்கும். ஒரு மணி நேரம் செண்டு கேளு" என்பது கமலவேணியம்மா சட்டம்.

இவ்வளவு ஒழுங்காக இருந்த நான் முதல் ஹெட்போனில் சறுக்கினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் நம்ம பக்கத்தில் மைக் செட்டுக்கு ஒரே அளவுகோல்தான், எத்தனை ஊருக்குக் கேட்கிறது. மோகனூரில் கோயில் நோம்பிக்குக் குழாய் கட்டினால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவன் எழுந்து உட்கார வேண்டும். அப்போதுதான் கட்டினவனுக்கு மரியாதை. அந்தக் கணக்கிலேயே வளர்ந்த காது என் காது. சிங்கப்பூரிலிருந்து வந்த வாசகர் ஒருவர் ஒரு ஹெட்போனை இரவல் கொடுத்தார். நாங்கள் யாரும் அதற்கு முன் அதைக் கையில் தொட்டதில்லை. மேசை மேல் வைத்து, திருகை முழுக்கத் திருப்பி, அச்சகத்தில் இருந்த நாலு பேரைச் சுற்றி நிற்க வைத்துக் கேட்டேன். பிறகு எழுதினேன்: "இதை ஒருவர் மட்டும் கேட்பதற்கு என்று விற்கிறார்கள். ஆனால் மேசையில் வைத்தால் நாலு பேர் தாராளமாகக் கேட்கலாம். நல்ல பொருள்."

கமலவேணியம்மாவும் படித்துப் பார்த்து, "பரவால்லையே" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

மோகனூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. அம்மா அதைச் சிரிக்காமல், அச்சகம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "ஐயா, தங்கள் விமர்சனம் கண்டேன். நாலு பேர் போர்த்திக்கொள்கிற மாதிரி ஒரு கோவணம் நெய்தால் அது நல்ல கோவணம் ஆகுமா என்று தெரிவிக்கவும்."

அடுத்த மாதம் அந்தக் கார்டை அப்படியே போட்டு, கீழே "ஆகாது" என்று ஒரு சொல்லில் பதில் போட்டோம்.

இனி மூக்கு விஷயத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து சொல்லிக் கொடுக்கிற ஒரு மாஸ்டர் இருந்தார். சுருக்கெழுத்து மாணவர்களுக்கு ஒரு வேகம் போதாது. ஒருத்தருக்கு மெதுவாகச் சொல்ல வேண்டும், ஒருத்தருக்கு வேகமாக. ஒரே கூடத்தில் மாஸ்டர் எத்தனை வாயால் சொல்லுவார்? பாடங்களை வெவ்வேறு வேகத்தில் கேசட்டில் பதிந்து, ஆளுக்கு ஒரு ஹெட்போன் கொடுத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. பன்னிரண்டு ஹெட்போன் வேண்டும். எதை வாங்கலாம், சோதித்துச் சொல்லுங்கள் என்று எங்களுக்குக் கடிதம் எழுதினார்.

சோதனைக்கு மூன்று. ஒன்று பம்பாயிலிருந்து வருகிற கடைச் சரக்கு. ஒன்று மாஸ்டரின் உறவுக்காரர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மூன்றாவது உங்கள் செங்கோட மாமா செய்தது.

ஆமாம், உங்கம்மாவின் அண்ணன்தான். நாமகிரிப்பேட்டைக்காரர், சேலத்தில் லாரிக்குச் சீட் தைத்துக்கொண்டிருந்தார். கைவேலைக்காரர். லாரி சீட்டுக்குப் போடுகிற ஸ்பாஞ்சையும் ரெக்சினையும் வட்டமாக வெட்டி, உள்ளே சின்ன ஸ்பீக்கரை வைத்து, வளைந்த எஃகுப் பட்டையை மேலே மாட்டி ஒரு ஹெட்போன் செய்திருந்தார். பட்டறையில் எல்லோரும், "செங்கோடன் லாரி சீட்டைக் காதுல மாட்டறான்டா" என்று கேலி. கடை முதலாளி, "சீட்டுத் தைக்கறயா, காதுக்குத் தைக்கறயா, ஒண்ணைச் சொல்லு" என்றார். மாமா காதுக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வேலை போச்சு. இந்தப் பன்னிரண்டு கிடைத்தால் சொந்தமாக ஒரு கடை. கிடைக்காவிட்டால் அதே முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும்.

நான் கமலவேணியம்மாவிடம் போய், "எனக்கு மச்சான் முறையாகோணுமுங்க. நான் பார்த்தா நல்லாருக்காதுங்க" என்றேன்.

"வேற ஆருக்குச் சாமி ரெண்டு காதும் ஒழுங்கா இருக்குது? நானா கேக்க முடியும்? எது ஆருதுன்னு தெரியாம கேளு. அது போதும்" என்று சொல்லிவிட்டார். மூன்றுக்கும் ஒரே கறுப்புத் துணியில் தானே உறை தைத்து மூடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஒட்டினார்.

நானும் நேர்மையாகத்தான் இருந்தேன். மச்சான் அதைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் பார்க்க மாட்டேன் என்று புழக்கடைக்குப் போய்விட்டேன், அவரே அதை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் அன்று மத்தியானம் சோறு போடும்போது உங்கம்மா பேச்சோடு பேச்சாக, "ஏனுங்க, என்ற அண்ணன் ஹெட்போனை மாட்டுனா சளிகூட உட்டுப்போகுமாமுங்க" என்றாள்.

"அது எப்படி?"

"பஞ்சுல நீலகிரித் தைலம் நனைச்சு உள்ள வெச்சிருக்குதாம். நானு சும்மா சொன்னேன். ரசம் ஊத்தட்டுங்களா?"

சும்மா சொன்னாளாம்.

மறுநாள் சாக்கு அறைக்குள் போனேன். ஒன்றாம் எண்ணைக் கேட்டேன். இரண்டாம் எண்ணைத் தலையில் மாட்டினேன். குபீரென்று நீலகிரித் தைலம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுதான் மச்சானுடையது.

இப்போது நான் எழுந்து போய் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தெரிந்தாலும் நியாயமாகப் பார்க்க எனக்குத் தெரியாதா என்று ஒரு திமிர். நியாயம் என்றால் என்ன செய்தேன் தெரியுமா? உறவு என்று ஒரு கடுகளவுகூட இரக்கம் காட்டிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குறை தேடினேன். தேடினால் கிடைக்காதா? தவில் கொஞ்சம் வீங்கிக் கேட்கிற மாதிரி இருந்தது. கடுகு ஈரக் கடுகு மாதிரி இருந்தது. எழுதினேன். மூன்றாம் எண்ணை மாட்டினேன். தலையை இறுக்கிப் பிடித்தது. வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை. சீமைச் சாமான் சீமைச் சாமான்தான் என்று தோன்றியது. "பிடிப்பு மிகக் கச்சிதம். கடுகு தனித்தனி. மூன்றில் இதுவே முதல்" என்று எழுதினேன். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் கேட்டிருப்பேன். மச்சானைத் தோற்கடித்துவிட்டோமே என்று வருத்தமாகவும் இருந்தது, நம்மை மாதிரி நேர்மையான ஆள் சேலம் ஜில்லாவில் இருக்க முடியாது என்று பெருமையாகவும் இருந்தது. இரண்டாவதுதான் கூடுதல்.

தாளைக் கொண்டுபோய் அம்மா மேசையில் வைத்தேன். வலது காதை எனக்குக் காட்டி உட்கார்ந்து, பொட்டுக்கடலையைக் கொறித்தபடி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"உனக்குச் சளி புடிச்சிருக்குதா சாமி?"

"இல்லீங்கம்மா."

"அப்ப வாசம் தெரியுமல்ல?"

அம்மா இரண்டாம் எண்ணை எடுத்து உறையை விலக்கி, எழுத்துக் கோர்க்கிற இடுக்கியால் உள்ளேயிருந்து ஒரு பஞ்சுத் துண்டை இழுத்து மேசையில் வைத்தார். அறை முழுக்க நீலகிரித் தைலம்.

"இது உன்ற மச்சான் வெச்ச பஞ்சுதான். ஆனா அவன் வெச்சது மூணாம் நெம்பர்ல. பொட்டணத்தைப் பிரிச்சதுமே குப்புன்னு வந்துது. காதுதான் சாமி எனக்கு ஒண்ணு, மூக்குல ரெண்டு தொளையும் வேலை செய்யுது. எடுத்து ரெண்டாம் நெம்பர்ல சொருவிப்போட்டேன்."

"அப்ப ரெண்டாம் நெம்பரு..."

"சிங்கப்பூரு."

"மூணாம் நெம்பரு..."

"லாரி சீட்டு."

மச்சானுக்குச் சாதகமாக ஒரு சொல்கூட எழுதிவிடக் கூடாது என்று இருந்த நான், மச்சானுக்கு முதலிடம் கொடுத்திருந்தேன். சிங்கப்பூர்க் கடுகை ஈரக் கடுகு என்று எழுதியிருந்தேன்.

"நான் நேர்மையாத்தானுங்கம்மா..." என்று ஆரம்பித்தேன். நாற்காலி மெதுவாகத் திரும்பியது. சிவப்புப் பென்சில் சொருகின காது என் பக்கம் வந்தது. நான் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் அந்தப் பென்சிலிடம் பேசிவிட்டு நிறுத்தினேன்.

நிறுத்தியது எப்படித்தான் தெரிந்ததோ, நாற்காலி திரும்பி வந்தது. "மச்சானுக்கு ஒத்து ஊதியிருந்தீன்னா திருட்டுப் பயன்னு சொல்லி இன்னைக்கே தாட்டி உட்டுருப்பேன். நீ மச்சானைக் கவுக்கறேன்னு போயிச் சிங்கப்பூர்க்காரனைக் கவுத்துருக்கறே. இதுக்கு என்ன பேருன்னே எனக்குத் தெரியல. இன்னொரு தடவை பண்ணு. காதுல பண்ணு. இதுவும் கோணலாப் போச்சுன்னா நீ மல்லசமுத்திரத்துக்கே போயி ரேடியோவைப் பாரு, நானு மாட்டுத் தீவனத்தைப் பத்திப் பத்திரிகை நடத்திக்கறேன்."

அன்று வீட்டுக்குப் போய் உங்கம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மூக்கு என்று அவள் சொல்ல ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இனி என் மூக்கையும் நம்ப முடியாது, காதையும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டதால் ஒரு காரியம் செய்தேன். யாருக்காக வாங்குகிறார்களோ அவர்களையே கேட்க வைத்தேன். மூன்றையும் துடைத்து, வெயிலில் காய வைத்து, உறையை மாட்டி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனேன். எது யாருடையது என்று மாஸ்டருக்கும் தெரியாது, மாணவர்களுக்கும் தெரியாது. ஒரே டேப் ரிக்கார்டரிலிருந்து மூன்று பேருக்கு ஒயர் இழுத்தேன். ஒரு மணி நேரம் பாடம். பக்கத்துக் கூடத்தில் இருபது டைப்ரைட்டர்கள் ஆலங்கட்டி மழை மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். அவர்கள் எழுதியதை மாஸ்டர் திருத்தி, தப்பாக விழுந்த சொற்களை எண்ணுவார். மறுநாள் வேறு மூன்று பேர். இப்படி நாலு நாள், நானும் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பம்பாய்ச் சரக்கு முதல் நாளே போச்சு. டைப்ரைட்டர் சத்தம் உள்ளே புகுந்து தாள் முழுக்கத் தப்பு. சிங்கப்பூர்ச் சரக்கு ஒரு மணி நேரமும் ஒரே சீர். ஆனால் அதில் பன்னிரண்டு வேண்டுமென்றால் மாஸ்டரே சிங்கப்பூருக்குப் போக வேண்டும். மூன்றாம் எண்ணில்தான் அதிசயம். முதல் அரை மணி நேரம் ஒரு தப்புக்கூட இல்லை, லாரி ஸ்பாஞ்சைத் தாண்டி ஒரு டைப்ரைட்டரும் உள்ளே வரவில்லை. அடுத்த அரை மணி நேரம் வரிக்கு வரி அடித்தல். மாஸ்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, பாதிக்கு மேல தூங்கிட்டயா?" என்று அதை மாட்டியிருந்த பெண்ணைக் கேட்டார்.

"இல்லீங்க சார். நெம்ப நல்லாக் கேக்குதுங்க. ஆனா மண்டை வெடிக்குதுங்க சார். ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டே எழுதுனனுங்க" என்றது அந்தப் பெண். காதைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று வட்டம். மறுநாள் அதை மாட்டிய பெண், "கனகாம்பரம் பூராவும் நசுங்கிப்போச்சுங்க சார். இதைப் போட்டுக்கிட்டுப் பூ வெக்க முடியாதுங்க" என்றது.

அத்தனை வருடம் தவில், கடுகு என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, தலையில் பூ வைத்த ஆளும் ஹெட்போன் போடுவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நான் கச்சிதம் என்று எழுதிய பிடிப்பு அதுதான், லாரிச் சீட்டைத் தாங்குகிற எஃகுப் பட்டை.

அந்த மாதப் பத்திரிகையில் முதலில் செய்த சோதனையை, பஞ்சு உட்பட, ஒளிக்காமல் எழுதினேன். அம்மா அதில் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. பிறகு இரண்டாவது சோதனை. மூன்றாம் எண்ணுக்குக் கீழே எழுதியது இது: "சத்தம் மிக நன்று. வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் தலையில் வைத்திருக்க முடியாது. இப்படியே வாங்க வேண்டாம்."

பத்திரிகை வந்த அன்று மச்சான் சைக்கிளில் வந்து இறங்கினார். உட்காரவில்லை.

"நல்லாக் கேக்குதுன்னு எழுதிப்போட்டு, அடுத்த வரியிலயே வாங்க வேண்டாமுன்னு எழுதியிருக்கறீங்களே மாப்ளே. எலை போட்டுச் சோத்தை வெச்சுப்போட்டு எலையை உருவற மாதிரி இருக்குதுங்க."

"மச்சான், அந்தப் புள்ளைங்க..."

"அந்தப் புள்ளைங்க கெடக்குது. நீங்க போட்டுப் பாத்தீங்களா? அரை மணி நேரத்துக்கு மேல முடியாதுன்னு எழுதியிருக்கறீங்களே, உங்க தலையில வெச்சுப் பாத்தீங்களா?"

அவர் பையிலிருந்து அந்த ஹெட்போனை எடுத்து என் மடியில் போட்டார். "நீங்களே வெச்சுக்கோங்கோ. சளிக்கு ஆகும்."

அது பரணுக்குப் போனது. அவர் கேட்ட கேள்வியும் கூடவே போனது.

அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு நின்றது. குழம்பு வரும், ரசம் வரும், பொரியல் வரும். ஒன்றிலும் கடுகு இருக்காது. மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டேன்.

"கடுகு தீந்துபோச்சா?"

"அதுதான் கேசட்டுல இருக்குதுங்களே. போட்டுக் கேட்டுக்கிட்டே தின்னுங்கோ" என்றாள் உங்கம்மா.

ஒரு மாதம் போல அப்படியே ஓடியது. இதற்கிடையே மச்சான் சும்மா இருக்கவில்லை. எஃகுப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய குடைக் கம்பி இரண்டை வளைத்து, துணி சுற்றி வேறொன்று செய்து, எங்களிடம் வராமல் நேராக மாஸ்டரிடமே கொண்டுபோயிருக்கிறார். "ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்க. பூ வெச்ச புள்ளையாப் பாத்துக் குடுங்க" என்றாராம். நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையல் நேரத்தில் சைக்கிள் வந்து நின்றது. மச்சான் என்னைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனார். தங்கச்சியிடம் ஏதோ சொன்னார், திரும்பி வந்தார். போகிற போக்கில் வாசல் கதவிடம் சொல்லுகிற மாதிரி, "பன்னெண்டுக்கும் சொல்லிப்போட்டாரு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பரணில் கிடந்த கேள்வி இறங்கி வந்து என் முன்னால் உட்கார்ந்துகொண்டது. அந்த வரியை நான் இன்னும் என் தலையில் வைத்துப் பார்க்கவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறி, தூசி தட்டி எடுத்தேன். முன் அறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன். ஹெட்போனை மாட்டினேன். ஒயரை எதிலும் சொருகவில்லை, நுனி என் மடியில் கிடந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் சுகமாக இருந்தது, ஊரே அடங்கின மாதிரி. இருபதாவது நிமிடம் காது சுட்டது. முப்பதாவது நிமிடம் மண்டைக்குள் யாரோ நெட்டி முறித்தார்கள். நாம் எழுதினது சரிதான் என்று அப்போதே கழற்றியிருக்கலாம். வீம்புக்கு உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

அப்போது லாரி ஸ்பாஞ்சுக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில் ஏதோ பொரிவது போல இருந்தது.

கழற்றினேன். அடுப்படிப் பக்கம் வலது காதைத் திருப்பி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அது அடங்கிய பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மூன்றாம் எண்ணுக்குக் கீழே எழுதினேன்: "நாற்பது நிமிடம்." அதற்கும் கீழே, "கடுகு: தனித்தனி."